ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பள்ளி: நோய்க் காலத்தில் ஊருக்கு ஊர் விதி மாறியது எப்படி?

எங்கள் ஊர் நிபோங் திபால். பினாங்கு மாநிலத்தின் தெற்கு ஓரம். பினாங்கு என்றாலே வெளியூர்க்காரர்களுக்குத் தீவும் கொம்தாரும் லக்சாவும்தான் நினைவுக்கு வரும். செபராங் பிறையில் இருக்கும் எங்களைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அது போகட்டும். எங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கெடாவின் பண்டார் பாரு வந்துவிடும். அங்கே கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும் தூரத்துக்குள் மூன்று மாநிலங்கள்.

2021 அக்டோபரில் பள்ளிகளைத் திறக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததும் எங்கள் குடும்பப் புலனத்தில் (வாட்ஸ்அப் குழுவில்) ஒரு சின்னச் சண்டை நடந்தது. அக்கா பண்டார் பாருவில் இருக்கிறார், தங்கை பாரிட் புந்தாரில். "ஞாயித்துக்கிழமை பையனுக்கு ஸ்கூல். பழைய சட்டை எதுவும் சேரல" என்று அக்கா எழுதினார். "ஞாயித்துக்கிழமையா? நல்லாப் பாருக்கா, திங்கள்னுதான் இருக்கு" என்றாள் தங்கை. இருவரும் அமைச்சின் அறிக்கையைப் படமெடுத்துப் போட்டார்கள். இருவர் போட்டதும் ஒரே அறிக்கை. இருவர் சொன்னதும் சரி. ஜொகூர், கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களுக்கு அக்டோபர் 3, மற்ற மாநிலங்களுக்கு அக்டோபர் 4 என்று அதிலேயே இருந்தது.

இதற்கும் கோறனி நச்சிலுக்கும் (கொரோனா வைரஸுக்கும்) சம்பந்தமே இல்லை. அந்த நான்கு மாநிலங்களிலும் அப்போது வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு அவர்களுக்கு வேலைநாள். அதனால் பள்ளி நாட்காட்டியில் அவை ஏ பிரிவு, நாங்கள் பி பிரிவு. நோய் வருவதற்கு முன்பே இருந்த வித்தியாசம்தான். ஆனால் நோய்க் காலத்தில் பள்ளி ஏன் இடத்துக்கு இடம் மாறியது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு நாள் இடைவெளியிலிருந்து தொடங்குவது எளிது. "பள்ளி உண்டா இல்லையா" என்று நாம் ஒரே மூச்சில் கேட்கிறோம். அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. யார் முடிவெடுக்கிறார்கள்? எந்த எல்லைக்குள்? எந்தப் பிள்ளைகளுக்கு? எந்த முறையில்?

முதலில் யார் என்பதைப் பார்ப்போம். மலேசியாவில் கல்வி கூட்டரசின் பொறுப்பு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. பினாங்கு முதலமைச்சரோ கெடா மந்திரி பெசாரோ நினைத்தால்கூட ஒரு தமிழ்ப்பள்ளியைத் தாமாகத் திறக்கவோ மூடவோ முடியாது. அந்தச் சொல் கூட்டரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவிலிருந்துதான் வர வேண்டும். 2020, 2021-இல் முகமட் ராட்ஸி முகமட் ஜிடின் கல்வி அமைச்சராக இருந்தார். அறிவிப்புகள் அவர் வாயிலாகத்தான் வந்தன. அவருக்குப் பின்னால் சுகாதார அமைச்சும் தேசியப் பாதுகாப்பு மன்றமும் இருந்தன. 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு வட்டாரத்தை நோய்ப் பகுதி என்று அறிவிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. நாம் பி.கே.பி. என்று சுருக்கி அழைத்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

ஆனால் வார விடுமுறை எந்த நாள் என்பது மாநிலத்தின் முடிவு. பள்ளி கூட்டரசுடையது, ஞாயிற்றுக்கிழமை மாநிலத்துடையது! எங்கள் புலனச் சண்டை இதனால் வந்ததுதான்.

சரவாக் தனிக் கதை. அங்கே மாநிலப் பேரிடர் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருந்தது. எந்த மாவட்டத்தில் பள்ளிகளை மூட வேண்டும் என்பதை அந்தக் குழு அறிவிக்கும். தீபகற்பத்தில் இருக்கும் நமக்கு இது புதிதாகத் தெரியலாம். மலேசியா உருவான 1963 முதல் சபாவுக்கும் சரவாக்குக்கும் சில காரியங்களில் தனி இடம் உண்டு.

மற்ற நாடுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்தியாவில் 1976-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக்கொள்ளும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. எனவே எப்போது திறப்பது என்பதைத் தமிழ்நாடு தானே முடிவு செய்தது: 2021 செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள், நவம்பர் 1-இல் சின்ன வகுப்புகள். சிங்கப்பூருக்கு மாநிலம் என்ற தொல்லையே கிடையாது. 2020 ஏப்ரல் 8-ஆம் தேதி தீவு முழுவதும் ஒரே நாளில் வீட்டுக் கல்விக்குப் போனது. சுவீடன் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பள்ளிகளை அந்த வசந்த காலத்தில் மூடவே இல்லை, மேல்நிலைப் பிள்ளைகளை மட்டும் வீட்டிலிருந்து படிக்கச் சொன்னது. அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளி வட்டாரமும் தன் போக்கில் முடிவெடுத்தது. அதிகாரம் எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படியில்தான் வித்தியாசமும் தோன்றும். நோய் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தாலும் இது இப்படித்தான் நடக்கும்.

சரி, எல்லைக்கு வருவோம். குழப்பம் அதிகம் இங்கேதான்.

2020 மார்ச் 18-இல் முதல் ஆணை தொடங்கியபோது எல்லை பற்றிய கேள்வியே எழவில்லை. நாடு முழுவதும் மூடல். பிள்ளைகள் ஏற்கெனவே முதல் தவணை விடுமுறையில் இருந்தார்கள், அந்த விடுமுறை அப்படியே நீண்டுகொண்டு போனது. அவ்வளவுதான். பள்ளிகள் மறுபடி திறந்த பிறகு, அக்டோபரில் சிக்கல் வந்தது. 9-ஆம் தேதி கிள்ளான் மாவட்டம், 14-ஆம் தேதி சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா என்று கட்டுப்பாடு வந்து அங்கே பள்ளிகள் மூடின. பினாங்கில் பெரும்பாலான பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அண்ணன் மகள் அப்போது நான்காம் ஆண்டு, என் மகன் ஐந்தாம் ஆண்டு. ஒரு நாள் மாலை வீடியோ அழைப்பில், சீருடையைக்கூட மாற்றாமல் மைலோ குடித்துக்கொண்டிருந்த இவனைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அத்தை, அண்ணனுக்கு மட்டும் எப்படி ஸ்கூல் இருக்கு? அவன் நல்ல பிள்ளையா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 9-இலிருந்து நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டு அந்தத் தவணையே முடிந்துபோனது. நல்ல பிள்ளைகளும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

எல்லை எப்போதும் மாநிலமாகவே இருக்கும் என்றில்லை. மாவட்டமாக இருக்கலாம், அதற்குள் அடங்கிய முக்கிமாக இருக்கலாம், ஒரு தாமானாக (குடியிருப்புப் பகுதியாக) இருக்கலாம். ஒரே ஒரு கட்டடமாகக்கூட இருக்கலாம். 2020 ஏப்ரலில் மஸ்ஜித் இந்தியா பக்கத்தில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு அடுக்குமாடிகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்களே, அது அந்த வகை. கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு, சுருக்கமாக பி.கே.பி.டி. அப்போது பள்ளிகள் எப்படியும் மூடித்தான் இருந்தன. ஆனால் பின்னாளில் பள்ளிகள் திறந்திருந்த மாதங்களில் இந்த வேலி முக்கியமாகிவிட்டது. பள்ளி வேலிக்கு வெளியே திறந்திருக்கும். பிள்ளை வேலிக்குள் இருக்கும். பள்ளியின் முகவரிக்கு ஒரு விதி, வீட்டின் முகவரிக்கு இன்னொரு விதி. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று வரும், மற்றொன்று வராது.

அப்புறம் அந்த நிறங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு வட்டாரத்தில் 14 நாளில் 41 பேருக்கோ அதற்கு மேலோ நோய் கண்டால் சிவப்பு. இதில் எனக்கு அன்றும் உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை. பெட்டாலிங் மாவட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். பண்டார் பாரு மாவட்டத்தில் 50 ஆயிரம் பேர்கூட இல்லை. இரண்டு இடத்திலும் 41 என்றால் அது ஒரே 41 ஆகுமா? ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தலைக்கணக்கை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விகிதாசாரத்தைச் சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரருக்கும், காலையில் பிள்ளையைக் கிளப்பும் அம்மாவுக்கும் புரியவைப்பது கஷ்டம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டின் வரைபடமும் பள்ளியின் வரைபடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்படி இல்லை. 2021 ஜனவரி 13-இல் பினாங்குக்கு முழுக் கட்டுப்பாடு வந்தது. அக்காவின் கெடாவுக்கும் தங்கையின் பேராக்குக்கும் கொஞ்சம் தளர்ந்த கட்டுப்பாடு. ஆற்றுக்கு ஆறு சட்டம் வேறு. ஆனால் ஜனவரி 20-இல் புதிய பள்ளித் தவணை தொடங்கியபோது, தேர்வு எழுத வேண்டிய மாணவர்களைத் தவிர எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா மாநிலத்திலும் வீட்டிலிருந்துதான் படிப்பு. "நாங்க தளர்வுல இருக்கோம், எங்களுக்கு ஏன் ஸ்கூல் இல்ல?" என்று தங்கை கேட்டாள். நடமாட்டத்துக்குப் போட்ட கோடு அது, பள்ளிக்குப் போட்ட கோடு இது. வேறு வேறு பென்சில்.

இதற்கு நேர்மாறும் நடந்தது. 2021 அக்டோபர் 4-இல் எங்களுக்குப் பள்ளி திறந்தது, மாநில எல்லையைக் கடக்கும் பொதுத் தடை 11-ஆம் தேதிதான் நீங்கியது. அந்த ஒரு வாரம் பினாங்கில் வீடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளி என்று இருந்தவர்கள் பள்ளிக் கடிதத்தைக் காரிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியே விட்டார், ரோட் டேக்ஸ் மாதிரி.

எந்தப் பிள்ளைகளுக்கு என்பதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. 2020-இல் முதலில் திரும்பியவர்கள் பெரிய பிள்ளைகள். ஜூன் 24-இல் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு), எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) போன்றவற்றை எழுதுபவர்கள், ஜூலை 15-இல் மற்ற இடைநிலைப்பள்ளி மாணவர்களும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களும், ஜூலை 22-இல் முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை. 2021-இல் வரிசையே தலைகீழ்! மார்ச் 1-இல் பாலர் பள்ளி, முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் முதலில் போனார்கள். இடைநிலைப்பள்ளிக்கு ஏப்ரல் 4 அல்லது 5, வழக்கம்போல ஞாயிறு, திங்கள் கதைதான்.

ஏன் இப்படி? முதல் ஆண்டில் எல்லோர் கவலையும் தேர்வு. இரண்டாம் ஆண்டுக்குள் ஒன்று தெரிந்துவிட்டது: பதினேழு வயதுப் பிள்ளை கைப்பேசியை வைத்துக்கொண்டு ஏதோ படித்துவிடும், ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்தைக் கையைப் பிடித்துத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். திரை வழியே "ஃ" எழுதப் பழக்கிய ஆசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள். மூன்று புள்ளியை எங்கே வைப்பது என்பதற்கே ஒரு பாடவேளை போய்விடும்.

தேர்வு விஷயம் தனியே ஒரு கதை. 2020-இன் யு.பி.எஸ்.ஆர். (ஆறாம் ஆண்டுத் தேர்வு), பி.தி.3 (மூன்றாம் படிவத் தேர்வு) இரண்டும் ஏப்ரலிலேயே ரத்தாயின. அந்த ஆண்டின் எஸ்.பி.எம். 2021 பிப்ரவரி, மார்ச் வரை தள்ளிப்போனது. 2021 ஏப்ரலில் யு.பி.எஸ்.ஆர். நிரந்தரமாகவே போய்விட்டது, அடுத்த ஆண்டு பி.தி.3-உம் போனது.

இனி எந்த முறையில் என்பது. 2020 ஜூலையில் அமைச்சு பள்ளிகளுக்கு மூன்று வழிகளைச் சொன்னது: எல்லோரும் ஒரே நேரத்தில் வருவது, காலை மாலை என இரண்டு நேரமாக வருவது, அல்லது முறைவைத்து வருவது. எது பொருந்தும் என்பது பள்ளியின் இடத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள், கோலாலம்பூரில் 15. சிலவற்றில் ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள். தோட்டத்து ஓரத்தில் இருக்கும் சிலவற்றில் பள்ளி முழுவதுமே 150-ஐ எட்டாது, குறைந்த மாணவர் பள்ளி என்று அவற்றுக்குப் பெயர். கூடல் இடைவெளிக்காக நாற்காலிகளைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் பெரிய பள்ளிக்கு அது தலைவலி, சின்னப் பள்ளிக்கு அது எப்போதும் இருக்கும் நிலைமைதான். காலம் முழுக்கக் குறை என்று சொல்லப்பட்ட ஒன்று அந்த ஒரு வருடம் நிறையாகிவிட்டது. 2021 அக்டோபரில் பாதிப் பேர் ஒரு வாரம் பள்ளியில், மீதிப் பேர் வீட்டில், அடுத்த வாரம் மாற்றி என்று ஆனது. அனுப்பப் பயமாக இருந்தால் பெற்றோர் கடிதம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அதாவது எல்லை கடைசியில் வீட்டு வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது.

வீட்டில் படிப்பது என்றேன். அதற்கு இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்று நல்ல தமிழ்ப்பெயர் உண்டு, வாயில் வந்தது என்னவோ பி.டி.பி.ஆர். மாநிலத்துக்கு மாநிலம் இருந்த வித்தியாசத்தைவிட வீட்டுக்கு வீடு இருந்த வித்தியாசம் இதில்தான் பெரியது. 2020-இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோருக்குக் கிடைத்தது கைப்பேசி, அதுவும் அப்பாவுடையது. அப்பா காலையில் லாரி ஓட்டப் போனால் வகுப்பும் லாரியில் போய்விடும். அக்காவின் மகன் அப்படித்தான் படித்தான். ஆசிரியர் காலை எட்டரைக்குப் போட்ட பயிற்சியை இரவு எட்டரைக்குத்தான் பார்ப்பான். அவன் அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை கைப்பேசி அவனிடம் இருக்கும். அதற்குள் கணக்கை எழுதி, படமெடுத்து, அனுப்ப வேண்டும். சில நாள் படத்தில் கணக்கோடு ரசத் தட்டின் ஓரமும் தெரியும். அவனுடைய ஆசிரியர் அதையும் திருத்தி, "சாப்பாடு நன்று" என்று எழுதி அனுப்பினார்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி 17-இல் டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசை தொடங்கியது; இணையம் இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கும் என்ற கணக்கு. செர்டிக் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த ஒன்றரை லட்சம் மாணவர்களுக்குக் கருவி கொடுப்பதாக 2021 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். கருவி மட்டும் இருந்து லைன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சபாவின் பல்கலைக்கழக மாணவி ஒருவர் 2020-இல் மரத்தின்மேல் ஏறித் தேர்வு எழுதி நாட்டுக்கே காட்டினார்.

இனி எப்போதாவது இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் என்ன செய்வது என்று தங்கை கேட்டாள். நான் படிக்கும் வரிசையைச் சொன்னேன். முதலில் தேதிக்குப் பக்கத்தில் எந்தப் பிரிவு, ஏயா பியா என்று பார். அடுத்து, அது நடமாட்டத்துக்கான ஆணையா, பள்ளிக்கான ஆணையா என்று பார். அப்புறம் பிள்ளையின் ஆண்டோ, இடைநிலைப்பள்ளி என்றால் படிவமோ (வகுப்போ) அதில் இருக்கிறதா என்று தேடு. எல்லை பள்ளி இருக்கும் இடத்துக்கா, வீடு இருக்கும் இடத்துக்கா என்று கவனி. கடைசியாகத் தலைமையாசிரியரின் அறிவிப்புக்குக் காத்திரு, எந்த வாரம் யார் வருவது என்பது அங்கேதான் இருக்கும். புலனத்தில் யாரோ "உறுதியான தகவல்" என்று அனுப்பும் படத்தை முதலில் அழித்துவிடு. "நீ அனுப்புறதையா?" என்றாள்.

பள்ளி நாட்காட்டி பழைய இடத்துக்குத் திரும்பப் பல வருடங்கள் பிடித்தன. 2021-இன் தவணை 2022-க்குள் நீண்டது, அடுத்த தவணை மார்ச்சில்தான் தொடங்கியது. வருடம் வருடமாக இழுத்து, 2026-இல்தான் மறுபடியும் ஜனவரியில் பள்ளி திறந்தது. இதற்கிடையில் ஜொகூர் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. கெடா மாறவில்லை. அக்கா மகனுக்கு ஜனவரி 11, ஞாயிறு. என் மகனுக்கு ஜனவரி 12, திங்கள். மைலோ குடித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் இப்போது ஐந்தாம் படிவம். ஆறாம் ஆண்டில் அவனுக்கு யு.பி.எஸ்.ஆர். இல்லை, மூன்றாம் படிவத்தில் பி.தி.3 இல்லை. அவன் எழுதப்போகும் முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம்.தான். அதற்கான தேர்வு எண் எந்த மாதிரி இருக்கும், மண்டபத்தில் எங்கே உட்கார வைப்பார்கள் என்று என்னிடம் கேட்கிறான்.